தொட்டுச் சொல்லும் பாடம்

எங்க ஊட்டுக்குள்ள 'இல்லை'ங்கிற சொல்லு ஆகாது. எங்கம்மா காலத்துல இருந்தே அப்படித்தான். உப்பு தீந்துபோச்சுன்னா "உப்பு வாங்கோணும்"பாங்க. சாமைப் பானை காலியாக் கெடந்தாலும் "நெறஞ்சிருக்குது"ன்னுதான் வாயில வரும். அந்தச் சொல்லச் சொல்லிட்டா ஊடு அதக் காதுல வாங்கிக்கும், அப்புறம் நெசமாவே அத்துப்போயிரும்னு ஒரு பயம். படிச்சவங்க கேட்டாச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். நான் அந்தப் பழக்கத்துல வளந்தவன், எம் பொண்ணும் அப்படித்தான் வளந்தா. நான் சொல்லப்போற சங்கதிக்கு அதுதான் வேரு, அதனாலதான் மொதல்ல சொல்லி வச்சிட்டேன்.

கொரோனா ரெண்டாந்தடவ வந்து பஸ்ஸெல்லாம் நின்னுபோன சமயம். எம் பொண்ணு அஞ்சாவது. பள்ளிக்கூடம் மூடி வருசத்துக்கு மேல ஆச்சு. டீச்சரு வாரா வாரம் ஊட்டுலயே செய்யற மாதிரி பாடம் அனுப்புவாங்க, போன்ல. எங்க ஊடு மலைச் சரிவுல, டவர் எடுக்காது. மேல ரோட்டு வளைவு வரைக்கும் ஏறிப்போயி நின்னாத்தான் ஏதாவது வரும். காலையில போனைத் தூக்கிட்டு ஏறுவா, டீச்சர் குரலை அதுல புடிச்சுக்கிட்டு இறங்கி வருவா. என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து அதப் போடுவா. "அன்பு மாணவச் செல்வங்களே, இந்த வாரம் வீட்டிலேயே மகிழ்ச்சியாகக் கற்போம்"னு ஆரம்பிக்கும். மகிழ்ச்சியாவாம். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஏன்னா நான் அப்ப எந்திரிக்க முடியாம மல்லாக்கக் கெடந்தேன். மிளகு பறிக்கறப்ப மரத்துல இருந்து விழுந்து, முதுகெலும்புல அடி. இடுப்பு வரைக்கும் நான் நாந்தான். தொடையிலயும் பாதி உசுரு இருந்துச்சு. முட்டிக்குக் கீழ ரெண்டு காலும் யாரோ கொண்டாந்து வச்சுட்டுப் போன விறகாட்டம் கெடந்துச்சு.

கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது என் மச்சான், எம் பொண்டாட்டிக்கு அண்ணன். மலைக்குக் கீழ சேந்தமங்கலத்துல காடு தோட்டம், மாடு கன்னுன்னு இருக்கறவரு. அங்க டாக்டருக்கு நிக்க நேரம் கிடையாது, வாசல் பூரா கொரோனா. படம் எடுத்துப் பாத்துட்டு, சாவியால என் பாதத்தக் கீறி "தெரியுதா?"ன்னு கேட்டாரு. எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல. "தெரியுதுங்க"ன்னுட்டேன். அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. "உள்ள வீக்கம் இருக்கு. வீக்கம் வத்துனா உணர்ச்சி நல்லா வரணும். ஒரு மாசம் பாருங்க. வரலைன்னா தாமதிக்காதீங்க, சேலத்துல ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்"னாரு. மச்சான் அத ஒரு எழுத்து உடாம மனசுல வச்சுக்கிட்டாரு.

மச்சான் போட்ட திட்டம் இதுதான். உணர்ச்சி வரலைன்னா என்னைச் சேலத்துக்குக் கொண்டுபோறது. எம் பொண்டாட்டி எங்கூட ஆஸ்பத்திரியில. புள்ள அவரு ஊட்டுல. "பள்ளிக்கூடம் தொறந்தா அங்கயே சேத்துக்கலாம் மாப்ள, நான் பாத்துக்கறேன்"னாரு. தங்கமான மனுசன், அதுல மாத்துப்பேச்சு கெடையாது. ஆனா அவரோட இன்னொரு தங்கச்சி புள்ளயும் இப்படித்தான் "கொஞ்ச நாளைக்கு"ன்னு போனா. சாணி அள்ளி, கொழந்தைகளத் தூக்கி வச்சுக்கிட்டு, அப்படியே பெரிய மனுசியாகி, பதினெட்டு ஆகறதுக்குள்ள கழுத்துல தாலி ஏறிருச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. அப்படியே நடந்துபோச்சு. எம் பொண்ணு ஆறாவது போகோணும், அதுக்கு மேலயும் போகோணும். எனக்கு அது ஒண்ணுதான். என் கால விட அதுதான் பெருசு.

சேலத்து மேல எனக்குப் பயமும் இருந்துச்சு, அதையும் மறைக்க மாட்டேன். அந்த மாசத்துல ஆஸ்பத்திரிக்குப் போனவங்கள மொகத்தக் கூடப் பாக்க விடாம சுத்திக் குடுத்தாங்கன்னு மலையில ஒவ்வொரு ஊருலயும் ஒரு கதை ஓடிட்டிருந்துச்சு. அதனால எம் பொண்டாட்டி காலையில காலைத் தடவி, "ஏனுங்க, உணர்ச்சி வந்துச்சுங்களா?"ன்னு கேக்கறப்பெல்லாம் "வருது, வருது"ன்னே சொல்லிட்டிருந்தேன். கொஞ்சம் அழுத்திக் கேட்டா, "செருப்பு போடாம மேட்டாங்காட்டுல நடந்த காலு, பலகையாட்டம் காய்ச்சுக் கெடக்குது, அதுல என்னத்த பெருசாத் தெரியும்"னு எரிஞ்சு விழுவேன். அவளும் நம்புனா. எங்க ஆளுங்க பாதத்துல முள்ளு ஏறுனாலே மறுநாள்தான் தெரியும். நம்பறதுக்கு என்ன.

அந்த வாரத்துல மொதப் பாடம் அளக்கறது. ஸ்கேல் வேண்டாம், சாணால அளந்து வாங்கன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. எம் பொண்ணு ஆட்டுக்கல்ல அளந்தா, கதவ அளந்தா, கட்டில அளந்தா. அளக்கறதுக்கு ஊட்டுல வேற என்ன மிச்சம்னு பாத்துட்டு, "அப்பா, உங்கள அளக்கட்டுங்களா? எண்சாண் உடம்புன்னு சொல்றாங்கல்ல, பாக்கலாம்"னா.

"அளந்து துணி எடுக்கப் போறயா, குழி வெட்டப் போறயா"ன்னேன். என் வாய் அப்படி.

அவ கண்டுக்கல. நெத்தியில ஆரம்பிச்சா. சின்னக் கை, கட்டைவிரலயும் சுண்டுவிரலயும் விரிச்சு விரிச்சு வச்சுக்கிட்டு வந்தா. விலாவுல கூசுச்சு, சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. விழுந்ததுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேந்து சிரிச்சது அதுதான் மொதல் தடவ. நான் கூரை மோட்டைப் பாத்துக்கிட்டே கெடந்தேன். தொடையில அவ விரலு மெதுவா ஊருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணத்தையும் காணோம். பாதியில நின்னுட்டாளாக்கும்னு தலையத் தூக்கிப் பாத்தேன். அவ கணுக்காலத் தாண்டிப் போயிட்டிருந்தா.

"எத்தன சாணுங்கன்னு கேக்கவே மாட்டேங்கறீங்களே"ன்னா.

"தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. இனிச் சாண் என்ன, முழம் என்ன"ன்னேன். கோவமாத்தான் சொன்னேன். பாவம், அவ எழுந்திரிச்சு வெளிய போயிட்டா. பட்ட காலிலே படும்பாங்க. பட்ட காலு என்னுது, படறது மட்டும் அவ மேலயே பட்டுச்சு.

மறுநா, ஊட்டுல இருக்கற பெரியவங்களோட தொழிலப் பத்திக் கேட்டு எழுதணும். அவங்கம்மா மரவள்ளிக்காட்டுக்குக் களை வெட்டப் போயிட்டா. ஊட்டுல நாந்தான் பெரியவன். கட்டில் ஓரத்துல உக்காந்து, பேனாவத் திறந்துக்கிட்டு, "நீங்க மிளகு எப்புடிப் பறிச்சீங்க?"ன்னா.

"பறிச்சீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பக்கத்துல இருந்த டம்ளர எடுத்து வீசிட்டேன். அவ மேல படல, செவுத்துலதான். தண்ணி பூரா மண்ணுல. எம் பொண்ணு அழுவான்னு பாத்தேன். அவ டம்ளர எடுத்துக் கழுவி, திருப்பித் தண்ணி மொண்டாந்து அதே எடத்துல வச்சா. "மிளகு எப்புடிப் பறிப்பீங்க?"ன்னு மறுக்கா கேட்டா.

சொன்னேன். சில்வர் ஓக் மரம் வானத்துக்குப் போகும், மிளகுக்கொடி அது மேல ஏறும். ஒத்த மூங்கிலுதான் ஏணி, கணுவுல மிதிச்சு மிதிச்சு ஏறணும். மேல போனதும் மொத வேலை ஏணியோட தலைய மரத்தோட சேத்துக் கட்டறது. கட்டிட்டுத்தான் சாக்கு, பறிப்பு எல்லாம். அன்னைக்குக் கடைசி மரம். எட்டற தூரத்துல ஒரு சரம் செவந்து நின்னுச்சு, கட்டறதுக்கு முன்னாடி அத மட்டும் பறிச்சுக்கலாம்னு கைய நீட்டுனேன். மூங்கிலு வழுக்கிருச்சு. அவ்வளவுதான் தொழிலு.

"அப்புறம்?"

அப்புறம் என்ன. எங்க ஊட்டுக்குக் காரு வராது, பைக்குத் தடம்தான். கூட மிளகு பறிச்சவங்க ஓடியாந்து தூக்கி, பைக்குல நடுவுல என்னை உக்கார வச்சு, பின்னாடி ஒருத்தரு கட்டிப் புடிச்சுக்கிட்டு, கல்லு பள்ளம்னு பாக்காம ரோட்டுக்குக் கொண்டுபோனாங்க. எங்க பக்கம் அடிபட்டவனக் கொண்டுபோற வழி அதுதான். காலு உடைஞ்சாலும் பிரசவ வலின்னாலும் பைக்குல நடுவுலதான். முதுகு அடிபட்டவன உக்கார வைக்கவே கூடாதாம், பலகையில படுக்கப் போட்டுத்தான் தூக்கணுமாம். டாக்டரு சொல்லித்தான் தெரியும். மரத்துல பாதி போச்சு, பைக்குல மீதி போச்சு. அவங்க மேல எனக்கு வருத்தம் கெடையாது. உசுரக் காப்பாத்தணும்னு ஓடுனவங்க. இத எழுதாத கண்ணுன்னு எம் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன்.

அடுத்தாப்புல ஒரு நாள் ஊட்டுப் படம் வரையச் சொல்லியிருந்தாங்க. வரைஞ்சு காட்டுனா. அடுப்பு சின்னதா, கதவு சின்னதா, கட்டிலு மட்டும் ஊட்ட அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. நல்லாருக்குதுன்னேன். அன்னைக்குத்தான் போன்ல மச்சான் பேச்சும் வந்துச்சு. சனிக்கெழம வாரேன், மாசம் ஆயிருச்சு, காலப் பாத்துட்டு ஒரு முடிவுக்கு வந்துரலாம், புள்ள துணிமணிய எடுத்து வைங்கன்னு. எம் பொண்ணுதான் அந்தப் போனை ரோட்டுல இருந்து கொண்டாந்தா. வரும்போதே கேட்டுட்டுத்தான் வந்திருப்பா. மூஞ்சியில ஒண்ணத்தையும் காட்டல. அந்த வயசுல அவ்வளவு அமுக்கம் ஆகாது.

ஐம்புலன் பாடம் அதுக்கடுத்த நாள். ஊட்டுல ஒருத்தரு கண்ணக் கட்டி, பொருளத் தொட வச்சு, என்னதுன்னு கேக்கணும். என் துண்டாலயே என் கண்ணக் கட்டுனா. கையில ஒவ்வொண்ணா வச்சா. மிளகுன்னேன். சாமைன்னேன். கோழி எறகுன்னேன். சாக்கு, பலாப்பழத் தோலு. மலைக்காரனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியான்னு எனக்கே கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

"இப்பப் பாதத்துல வச்சுப் பாக்கறனுங்கப்பா"ன்னா.

"டீச்சர் சொன்னாங்களா?"

"ம்."

சொல்லியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். கெடந்தேன். கோழி எங்கயோ கேறுச்சு. அவ மூச்சு உடறது கால் பக்கம் கேட்டுச்சு. எது சொன்னாலும் அஞ்சுல ஒண்ணுதானன்னு, "பலாத்தோலு"ன்னேன்.

"சரிங்கப்பா."

"இது எறகு."

"சரிங்க."

"இது சாக்கு. போதும், கட்ட அவுத்து உடு, கண்ணு வேகுது."

துண்டை நானே இழுத்து எடுத்தேன். பலாத்தோலு என் கைக்குப் பக்கத்துலயே, அவ மொதல்ல வச்ச எடத்துலயே கெடந்துச்சு. சாக்கும் எறகும் அதுக்குப் பக்கத்துல. அவ என் கால்மாட்டுல வெறுங்கையோட உக்காந்திருந்தா. என் பாதத்தத் தன் மடியில எடுத்து வச்சுக்கிட்டிருந்தா. அவ மடியில என் காலு இருக்கறது கூட எனக்குத் தெரியல.

நான் அவளப் பாத்தேன். அவ என்னப் பாத்தா. "எல்லாமே கரெக்டுங்கப்பா"ன்னா. காலைத் தூக்கிப் பத்திரமா மெத்த மேல வச்சுட்டு, எழுந்து போயிக் கோழிக்குத் தவிடு போட்டா. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல. எம் பொண்டாட்டி கேட்டதுக்கு வயிறு மந்தம்னேன்.

சனிக்கெழம மச்சான் வந்துட்டாரு. வழியில போலீஸ்காரனுக்குக் காய்கறி மூட்டையக் காட்டிட்டு வந்தேன்னாரு. மாஸ்க்கு தாடைக்குக் கீழ. எனக்கு ஆரஞ்சுப்பழம், தங்கச்சிக்குப் பருப்பு, புள்ளைக்குப் புதுச் செருப்பு. செருப்பப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கீழ நடக்கறதுக்குத்தான் அது. எம் பொண்டாட்டி அடுப்புல காப்பி வச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சா. பைய ஏற்கனவே கட்டிக் கதவோரம் வச்சிருந்தா, அண்ணன் பேச்சத் தட்ட முடியாம.

மச்சான் கால்மாட்டுல உக்காந்தாரு. "மாப்ள, மேல மோட்டப் பாரு. கீழ பாக்கக் கூடாது. நான் தொட்டாச் சொல்லோணும், எந்தக் காலுன்னு. தங்கச்சிய ஏமாத்தற மாதிரி என்னை ஏமாத்த முடியாது"ன்னு வெளக்கமாத்துல இருந்து ஒரு குச்சிய உருவிக்கிட்டாரு.

எம் பொண்ணு தலைமாட்டுக்கு வந்தா. கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல புகுந்து, என் தலைக்குப் பின்னாடி நின்னு, ரெண்டு கையையும் என் ரெண்டு தோள்மேல வச்சுக்கிட்டா. பாக்கறவங்களுக்கு அப்பன் தோளப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, பாசம், அவ்வளவுதான்.

வலது தோளுல ஒரு விரலு அழுத்துச்சு.

மொத எனக்குப் புரியல. மறுக்கா அழுத்துச்சு. "வலது"ன்னேன்.

"ஆமா"ன்னாரு மச்சான்.

எடது தோளுல. "எடது."

"ஆமா. சரி, குத்தறனா, தடவறனா?"

நகத்தால ஒரு கிள்ளு. "குத்தறீங்க."

விரலு தோள் மேல மெதுவா வழுக்கிட்டுப் போச்சு. "தடவறீங்க."

மோட்டப் பாத்துக்கிட்டே சொல்லிக்கிட்டு வந்தேன். கண்ணுல தண்ணி ரெண்டு பக்கமும் காதுக்குள்ள ஓடுச்சு. மச்சான் அது சந்தோசம்னு நெனச்சாரு. அவருக்கும் கண்ணு கலங்கிருச்சு. குச்சியத் தூக்கிப் போட்டுட்டு, "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா, தங்கச்சி, வந்து பாரு. சேலமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், மாப்ள எந்திரிச்சுருவாரு"ன்னாரு. எம் பொண்டாட்டி காப்பியக் கொண்டாந்தவ அப்படியே தரையில உக்காந்துட்டா. எம் பொண்ணு கதவோரத்துல இருந்த பைய எடுத்துப்போயி, துணிய ஒவ்வொண்ணாத் திருப்பிக் கொடியில போட்டா.

சாயங்காலம் ரோட்டுக்கு ஏறிப்போயி அந்த வாரத்துப் பாடத்தையெல்லாம் டீச்சருக்கு அனுப்பிட்டு வந்தா. டீச்சர் அவளுக்கு நட்சத்திரம் போட்டு, "மிக அருமை, குடும்பத்தோடு சேர்ந்து கற்றிருக்கிறாய்"னு பேசியிருந்தாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு அதப் போட்டா. கேட்டேன்.

நான் எந்திரிக்கல. பஸ்ஸு ஓட ஆரம்பிச்சப்புறம், குளிரும் வந்து போயி, காலு ரெண்டும் சூம்பிப்போனதக் கண்டு மச்சானே தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில காட்டுனாரு. வேற டாக்டரு. "அப்பவே ஏன் கொண்டுவரல?"ன்னாரு. "அப்ப உணர்ச்சி இருந்துச்சுங்க சார், நானே என் கையால பாத்தனுங்க"ன்னு மச்சான் சத்தியம் பண்றாரு. டாக்டருக்கே ஒண்ணும் புரியல. அப்ப வந்திருந்தா நடந்திருப்பனான்னு நான் கேட்டேன். "சொல்ல முடியாது. நடந்திருக்கலாம். நடக்காமயும் போயிருக்கலாம். இப்ப அதப் பேசிப் பிரயோசனம் கெடையாது"ன்னாரு. எம் பொண்ணு அன்னைக்குக் கூட வந்திருந்தா. பக்கத்துலதான் நின்னா. அவ காதுலயும் விழுந்துச்சு.

எனக்கு அதுல வருத்தமான்னு கேட்டா, திரும்ப அதே கட்டிலு, அதே குச்சின்னாலும் அதையேதான் சொல்லுவேன். என் காலு, என் வாயி. எம் மனசப் போட்டு அறுக்கறது அந்த விரலுதான். அந்தப் பிஞ்சு விரலு எதுக்கு இதுக்குள்ள வரணும். பத்து வயசுப் புள்ள சுமக்கற சுமையா அது.

இப்ப அவ பத்தாவது, கீழ ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. லீவுக்கு மேல சோளக்காடு ஸ்டாப்புல பஸ்ஸ உட்டு எறங்கி வந்தா, பைய வச்சதும் மொத வேலை எனக்கு வெந்நீர் வைக்கறது. அண்டாவுல ஊத்தி, கால் ரெண்டையும் கழுவி விடுவா. "சூடு சரியா இருக்குங்களாப்பா?"ம்பா. "சரியா இருக்குது கண்ணு"ம்பேன். அதுக்கு முன்னாடியே அவ முழங்கைய உட்டுப் பாத்திருப்பா. கேக்கறதும் நிக்கல, முழங்கையும் நிக்கல.

போன லீவுல ஒரு கால எடுத்துத் துண்டுல தொடச்சுக்கிட்டிருந்தவ, நிமிந்து பாக்காமயே கேட்டா.

"அப்பா, அன்னைக்கு நான் உங்க தோளத் தொடாம இருந்திருந்தா, நீங்க நடந்திருப்பீங்களா?"

அத்தன வருசமா அவ வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. எம் பொண்டாட்டி வெளிய நெல்லி காய வச்சுக்கிட்டிருந்தா. டாக்டரு சொன்னது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்கம்மா காலத்துல இருந்து அந்த ஊட்டுக்குள்ள யாரும் சொல்லாத சொல்ல, ஊடு கேட்டாக் கேக்கட்டும்னு, நான் சொன்னேன்.

"இல்ல கண்ணு."

அவ தலைய ஆட்டுனா. தொடச்ச காலக் கீழ வச்சுட்டு இன்னொரு கால எடுத்துத் தண்ணியில வச்சா. எந்தக் காலுன்னு நான் எட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.